இடப்பக்கத்து ஆறு வரிசை

எனக்குக் காபி வேண்டாம், நீங்கள் விசாரணையைத் தொடங்கலாம். குடித்தால் கை லேசாக நடுங்கும். துளித்துளியாக அளந்து விடும் பைப்பெட் பிடிக்கிறவனுக்கு அது ஆகாது. இனிமேல் பிடிக்கப்போவதில்லை என்றாலும் பழக்கம் விடவில்லை.

ஆய்வுக்கூடத்தில் தட்டு தயாரிப்பது என் வேலை. உள்ளங்கை அகலத் தட்டு, அதில் பன்னிரண்டு வரிசைச் சின்னக் குழிகள், குழிக்குள் செல்கள். அந்தச் செல்களுக்குள் பிளாஸ்மிட்டைச் செலுத்துவேன். பிளாஸ்மிட் என்பது ஒரு டிஎன்ஏ வளையம்; எங்களுடையதில் மின்மினியின் ஜீன் ஒன்று இருக்கும். மருந்து பட்டு உள்ளே சமிக்ஞை ஓடினால் செல் ஒளிரும், ஓடாவிட்டால் இருட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இன்னொரு வகைப் பிளாஸ்மிட்டும் உண்டு. அது எந்தச் சமிக்ஞையும் இல்லாமலே ஒளிரும். ஒளியை அளக்கும் கருவியைச் சோதிக்க வைத்திருக்கிறோம். குளிர்பெட்டியில் இரண்டு குழாயும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும்.

மருந்தை விடுவது ஆராய்ச்சியாளர். என்னைவிட இருபது வயது இளையவள், அண்ணா என்று கூப்பிடுவாள். இடப்பக்கத்து ஆறு வரிசைக்கு மருந்து, வலப்பக்கத்துக்கு வெறும் உப்புநீர். ஒருநாளும் மாற்றமாட்டாள். ஒன்றரை வருடமாக இரண்டு பக்கமும் இருட்டு. ஆய்வுக்கூடத் தலைவர் அவளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. மதியம் சாப்பாட்டைத் திறப்பாள், அப்படியே மூடிவிடுவாள். எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு திங்கட்கிழமை இடப்பக்கத்தில் மட்டும் அந்த இன்னொரு பிளாஸ்மிட்டைச் செலுத்தினேன்.

ஒளிர்ந்தது. "எல்லாம் உங்க கைராசிதாண்ணா," என்றாள். அப்படி என்னிடம் யாரும் சொன்னதில்லை, வீட்டில்கூட. அதற்குப் பிறகு எல்லாத் தட்டையும் அதேபோல் செய்தேன். வேறு ஆய்வுக்கூடத்தில் சரிபார்க்கக் கேட்டபோதும் தட்டு என்னிடமிருந்துதான் போனது.

மருந்து சோதனைக்காக நோயாளிகளுக்குப் போக இரண்டு வருடம் ஆயிற்று. முதல் பட்டியலில் அதே நோய் இருந்த அவளுடைய அக்காவும் இருந்தார். சோதனையில் சேர்வதென்றால் பழைய மருந்தை நிறுத்த வேண்டும். பழைய மருந்து அவரைக் குணமாக்கவில்லை, ஆனால் உயிரோடு வைத்திருந்தது.

"அக்கா பயப்படுறாண்ணா. பழசை நிறுத்தலாமா? நீங்க சொல்லுங்க."

"தட்டைத்தான் கண்ணால பார்க்கிறீங்களேம்மா. தைரியமா நிறுத்தச் சொல்லுங்க."

நான்காவது மாதம் அக்கா இறந்தார். சாவுக்குப் போயிருந்தேன், வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். வெயில் அதிகம் என்பதைத் தவிர எனக்கு எதுவும் தோன்றவில்லை. பட்டியலில் இருந்த மற்றவர்களைப் பற்றி நீங்கள்தான் சொல்ல வேண்டும்; நான் விசாரிக்கவில்லை.

அடுத்த வாரம் அவள் வேலைக்கு வந்தாள். "நான்தான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன். இன்னொரு தட்டு போடுங்கண்ணா." போட்டேன், எப்போதும்போல. இல்லாவிட்டால் அவள் மனம் விட்டுப்போயிருக்கும். அன்றைக்கு அவள் மருந்தை வலப்பக்கம் விட்டிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. மருந்து பட்ட குழிகள் இருண்டு கிடந்தன. உப்புநீர்க் குழிகள் ஒளிர்ந்தன.

கருவியின் திரையிலிருந்து என் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்: "இதுக்கு எந்தக் குழாயிலேர்ந்து எடுத்தீங்க?"

உடனே சொல்லிவிட்டேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஒருநாள்கூட அவள் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது.