லீவே எடுக்காத ஆள்

— நான் ஸ்கிரீனைப் பாக்க மாட்டேன் அண்ணாச்சி. இந்தச் சுவத்தைப் பாத்தே உக்காந்துக்கிடுதேன். நீங்க பாத்து, எங்கண்ணனை அதுலேர்ந்து எடுத்துவிட்டாப் போதும்.

— இன்னாமா இது, வந்து ஒக்காந்ததுலேர்ந்து எட்து வுடு, எட்து வுடுன்னுக்கினே கீற. அது கம்பெனி வெப்சைட்டு. செஞ்சது இந்த ஜீவானந்தம்தான், இல்லன்னு சொல்லல. அதுக்குன்னு என் இஷ்டத்துக்குக் கைய வைக்க முடியுமா? மொதல்ல உங்கண்ணன் யாரு, இன்னா மேட்டருன்னு சொல்லு.

— மாரிராஜ். ஒரகடத்துல அந்தக் கம்பெனி பிரஸ் ஷாப்ல, தகடு அடிக்க மிஷின்ல இருந்தான். நான் அவன் தங்கச்சி பாண்டிச்செல்வி. இங்கனதான் சுங்குவார்சத்திரத்துல ரூம் எடுத்து இருக்கேன், வேற கம்பெனியில லைன்ல நிக்கேன். அந்த சைட்டுல செவப்பா லைவ்னு ஒண்ணு மினுங்குதுல்லா, அதுக்குக் கீழ மாறி மாறி வார படத்துல மொத மிஷின்ல நிக்கது எங்கண்ணன்தான்.

— அட, அந்தப் பையனா! சோக்கான பையன்மா. நான் போட்டோ எடுக்கப் போனன்னிக்கு அவன்தான் ஓடிப்போய் எனக்கு டீ வாங்கியாந்தான். எப்டி கீறான்?

— செத்துட்டான் அண்ணாச்சி. ஆடி மாசம். ஷிஃப்ட் முடிஞ்சு ரோட்டைத் தாண்டுதப்ப கண்டெய்னர் லாரி.

— ஐயோ... தெரியாதும்மா. மெய்யாலுமே தெரியாது. அந்தக் கம்பெனிக்கு மாசம் ரெண்டு வாட்டி போய்ட்டு வரேன், ஒருத்தனும் வாயத் தொறக்கலியே.

— எதுக்குத் தொறக்கப் போறாவ? மறுநாளே அவன் மிஷின்ல வேற ஆளு நின்னாச்சு. எங்களுக்குத்தான் அவன் நின்ன எடம் அப்படியே இருக்கு.

— சரி, மனச தேத்திக்கோ. ஆனா அந்தப் படம் அங்க இருந்தா இன்னாமா? பாத்துக்கினா ஒரு ஆறுதலுதான?

— அந்த ஆறுதல்தான் அண்ணாச்சி எங்கம்மையைக் கொல்லுது. அவன் உசுரோட இருக்கையில ஊருக்குப் போன் போட்டு, என்னையக் கம்பெனி நெட்டுல காட்டுதாவ, ஆலங்குளம் நெட் சென்டர்ல போயிப் பாருன்னு பெருமையாச் சொல்லிட்டான். அவளும் போயிப் பாத்துட்டு வந்தா. பொறவு அவனை ஆம்புலன்ஸ்ல கொண்டாந்து எறக்குனோம். மொகம் பாக்க முடியாம துணி சுத்தியிருந்துச்சு. அம்மை உள்வீட்டைத் தாண்டி வெளிய வரவே இல்ல. சனமெல்லாம் அவன் மேல கோடித் துணி போட்டுச்சு, அவ வரல. தூக்கிட்டுப் போனப்பவும் வரல. மூணாம் நாள் பஸ் ஏறி ஆலங்குளம் போயிட்டு வந்து என்ன சொன்னா தெரியுமா? நீங்க எவனையோ எரிச்சிருக்கிய, எம்புள்ள அங்கன வேலை பாத்துக்கிட்டு நிக்கான்னுட்டா.

— பெத்த மனம் பித்துன்னு சும்மாவா சொன்னாங்க.

— பதினாறுக்கு ஒருத்தரையும் வீட்டு வாசல்ல ஏற விடல. அவன் படத்துல ஒரு முழம் பூ போட விட மாட்டேங்கா. தெனமும் ஆலங்குளம் போயி, அவனைப் பாத்த பொறவுதான் கஞ்சி. பஸ் இல்லாத நாளு பட்டினி. எலும்பும் தோலுமா இருக்கா. எல்லாத்துக்கும் மேல, இன்னும் ஒரு சொட்டு அழல அண்ணாச்சி. அவ அழணும். அழுதாத்தான் பொழைப்பா. அதுக்குத்தான் கேக்கேன், அவனை அங்கேர்ந்து எடுத்துவிடுங்க.

— அம்மாக்கு நீயே எட்துச் சொல்லலாமே, அது லைவே இல்லன்னு.

— லைவ் இல்லியா?

— எங்கேம்மா லைவு! ஒரகடத்துக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் இருக்குற டெலிபோன் லைன்ல ஒரு போட்டோ எறங்கவே ஒரு டீ குடிச்சிட்டு வர்லாம். இதுல வீடியோவாம். மேனேஜரு, வெளிநாட்டுப் பார்ட்டிக்கு வாக்கு குத்துட்டு வந்துட்டாரு, எங்க லைன் ஓட்றத ஒங்க ஆபீஸ்லேர்ந்தே பாக்கலாம்னு. அப்பால என் தலைல கட்னாரு. நானு இன்னா பண்ணேன்? மச்சானோட டிஜிட்டல் கேமராவ வாங்கினு போயி, ஸ்டாண்டு போட்டு, ஒரே நாள்ல ஒரே எடத்துல நின்னு பத்து பன்னெண்டு போட்டோ எட்துக்கினேன். பக்கத்த ட்ரீம்வீவர்ல கட்னேன். ஜாவாஸ்கிரிப்ட மட்டும் நோட்பேட்ல கையாலயே அடிச்சேன். அர நிமிசத்துக்கு ஒருவாட்டி அது தன் இஷ்டத்துக்கு ஒரு படத்த எட்து மாத்தும். கீழ மணி ஓடுதே, அதுகூடப் பாக்குறவன் கம்ப்யூட்டர்ல இருக்குற மணிதான். ஃப்ரன்ட்பேஜ்ல தட்டிக்கினு இருக்குற எவனுக்காவது இது வருமா சொல்லு?

— அப்ப அவன் அன்னைக்கு ஒரு நாளு நின்னதைத்தான் இன்னும் நிக்க வச்சிருக்கிய.

— அப்டிச் சொல்லாதம்மா, ஒரு மாரி கீது. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. அந்த வெளிநாட்டுக்காரன் நம்பிட்டான். போன மாசம் மெயில் போட்டானாம், மொத மிஷின்ல நிக்கிற ஆளு லீவே எடுக்கறதில்லையே, அவனுக்கு ஒரு பரிசு குடுங்கன்னு. மேனேஜரு என்கிட்ட சொல்லிச் சொல்லி சிரிச்சாரு.

— எங்கண்ணன் ஊர்ல கோயில் கொடைத் திருவிழாவுக்கு லீவு கேட்டு அழுதிருக்கான் அண்ணாச்சி. குடுக்கல. அவன் ஊருக்குப் போனதே பொணமாத்தான்.

— ...தப்பா எட்துக்காத. நானு சிரிச்சதும் தப்புதான்.

— பரிசு வேண்டாம். லீவு குடுக்கச் சொல்லுங்க.

— கம்பெனிகாரன் கேட்டா இன்னா பதில் சொல்றது? என் பொழப்புல மண்ணு வுழும்மா. வேற சைட்டும் அவங்க மூலமா வர்றதா கீது.

— சர்வர் ரிப்பேர்னு சொல்லுங்க, வைரஸ்னு சொல்லுங்க. உங்களுக்கா பொய் சொல்லத் தெரியாது?

— ஹும். நல்லா கேட்ட. சரி, உங்கம்மா ஒண்ணும் கவனிக்கலியா? அதே பத்து படம்தான திருப்பித் திருப்பி வருது?

— மொதல்ல ஒண்ணும் சொல்லல. இப்பக் கொஞ்ச நாளா ஒரு மாதிரி பேசுதா. புதுச்சட்டை போட்டிருக்கான்ட்டி, ஆனா எம்மேல என்ன கோவமோ, முதுகைக் காட்டிக்கிட்டே நிக்கான்ங்கா. அதைக் கேட்டதுலேர்ந்துதான் நான் ஸ்கிரீன் பக்கம் திரும்ப மாட்டேங்கேன்.

— முதுகா? சான்ஸே இல்லம்மா. எல்லா படத்துலயும் நீல யூனிபாரம். கேமராவப் பாத்து சிரின்னு நான்தான் சொன்னேன், ஒண்ணுலகூட முதுகு காட்டல. வயசானவங்க கண்ணு, சென்டர்ல மானிட்டரு வேற கலீஜா இருக்கும். நீ கவலப்படாத. தோ, நெட்ட போட்டுட்டேன். கத்துதா? அது மோடம் சத்தம். ஆவறது ஆவட்டும், எட்து வுட்டுட்றேன்.

— நல்லாருப்பிய அண்ணாச்சி.

— உள்ள பூந்துட்டேன். சர்வர்ல ஃபோல்டரு தெரியுது. வரிசையா படம் கீது. ஒண்ணு ஒண்ணா தூக்கறேன்.

— தூக்குததுக்கு முன்னால, அதுல அவன் எப்படி இருக்கான்னு சொல்லுங்க.

— மொதல்ல கீறது... மிஷின் மேல கை வெச்சினு சிரிக்கிறான். தூக்கிட்டேன். இதுல நெத்தி வேர்வய தொடைக்கிறான். இதுல பக்கத்துல இருக்குறவன்கிட்ட இன்னாவோ சொல்றான், அவன் சிரிக்கிறான்.

— வாய் சும்மா இருக்காது அவனுக்கு.

— இதுல கைய தூக்கி டாட்டா காட்றான். நான் கெளம்பறேன்னதும் காட்னது. ஒண்ணு ஃப்ளாப்பில போட்டுத் தரட்டா? நீ வெச்சிக்கோயேன்.

— குடுங்க. ...இல்ல, வேண்டாம். வேண்டாம் அண்ணாச்சி. எல்லாத்தையும் எடுங்க.

— சரி. முடிஞ்சிச்சி. ஃபோல்டரு காலி. ஸ்கிரிப்டயும் எடுத்துட்டேன். இந்த சிஸ்டத்துல பழசு தங்கியிருக்கும், அத்தயும் கிளீன் பண்ட்டேன். இப்ப பக்கத்த தொறந்தா, படம் வர்ற எடத்துல வெறும் பொட்டி, அதுல செவப்பா ஒரு பெருக்கல் குறி. அவ்ளோதாம்மா. உங்கண்ணனுக்கு லீவு குத்தாச்சி.

— இப்ப அம்மை ஆலங்குளம் சென்டர்லதான் இருப்பா. ஒரு போன் போட்டுக்கிடட்டா? நம்பர் வச்சிருக்கேன். அவ படத்தைக் காணோம்னு தேடுதப்ப நான் பக்கத்துல இருக்க மாதிரி பேசணும்.

— தாராளமா. இரு, இதே லைன்லதான் நெட்டு ஓட்றேன். இத்த கட் பண்ணாதான் போனு வரும். தோ, கட் பண்ட்டேன். இப்ப எடு, டயல் டோன் வருதா?

— வருது... அலோ, அண்ணே, ஆலங்குளம் நெட் சென்டரா? எங்கம்மை இருக்காவளா, மாரிராஜ் அம்மை? குடுங்க. ...யம்மா. நான்தான். என்ன செய்யுத? ...இல்லம்மா, இருக்காது. நல்லாப் பாரு. ...யம்மா, அங்க செவப்பா ஒரு பெருக்கல் போட்டிருக்கும் பாரு. ...அண்ணாச்சி, அவன் நிக்கான்ங்கா.

— பழசும்மா. அந்த சென்டரு கம்ப்யூட்டர்ல தங்கிப் போனது. கீபோர்டுல எஃப் அஞ்ச ஒரு தட்டு தட்டச் சொல்லு, போய்டும்.

— தட்டிட்டாவளாம். நிக்கானாம். அசையுதான்ங்கா.

— படம் எப்டிமா அசையும்? நீ பயப்படாத, நானு இங்க பாத்துச் சொல்றேன்... இன்னாடா இது.

— என்ன அண்ணாச்சி?

— ஒண்ணுமில்ல. பக்கம் தானா லோடு ஆவுது.

— நெட்டைக் கட் பண்ணிட்டேன்னீய.

— பண்ணது பண்ணதுதான். மோடம்ல ஒரு லைட்டுகூட எரியல. போனு உன் கையில கீது, நீ ஆலங்குளத்துல பேசினு கீற. அப்ப இங்க இன்னா எறங்குது? மேலேர்ந்து பட்ட பட்டயா வருது. தகரக் கூர. டியூப் லைட்டு.

— எல்லாத்தையும் அழிச்சாச்சுன்னு சொன்னியளே.

— அழிச்சேன்மா. மெய்யாலுமே அழிச்சேன். மிஷின் மண்ட தெரியுது இப்ப. அப்பால... ஒரு தல. பின்னந்தல. நீ திரும்பாத, அப்டியே இரு. முதுக காட்டினு நிக்கிறான்.

— யூனிபாரம்தான போட்டிருக்கான்?

— இல்லியே. மஞ்சளு. மஞ்சள்ல கட்டம் போட்ட சட்ட. புதுசு, காலர் மடிப்புகூட கலையல. இத்த நான் எடுக்கவே இல்லம்மா. கலர் சட்டையோட அந்தக் கம்பெனி கேட்டுக்குள்ள ஒருத்தன வுட மாட்டானுங்க.

— அண்ணாச்சி, கழுத்துக்குக் கீழ என்ன வருதுன்னு பாத்துச் சொல்லுங்க.

— வருது, இரு. சட்ட பின்னால பொளந்து கீது. காலர்லேர்ந்து நேரா கீழ வரைக்கும். கிழிஞ்சா மாரியும் தெரியல, கத்திரி வெச்சி வெட்னாப்ல கீது. முதுகு அப்டியே தெரியுது. எவம்மா இப்டி ஒரு சட்டய இவனுக்குப் போட்டு வுட்டது?

— நாந்தான். வாலாஜாபாத்ல எடுத்த சட்டை. கை ரெண்டும் வெறைச்சுப் போயி மடங்கல, அதான் முதுகுப் பக்கமாக் கத்தரிச்சு மாட்டிவிட்டேன். அவனுக்கு நான் போட்ட கோடி அண்ணாச்சி அது.