லவுரி இறங்கிய மரக்கட்டை

1785ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் எழுத்தர் முன்னிலையில் கொடுத்தது.

என் பெயர் எல்ஸ்பெத் கில்ரி. காலஞ்சென்ற ஹ்யூ கில்ரியின் மனைவி. வயது நாற்பத்தாறு. பென்சில்வேனியாவில் ஓட்டர் ஓடைக்கரையில் பயிர் செய்து வாழ்கிறேன். என் பக்கத்து நிலத்துக்காரர் டன்கன் லவுரியின் நிலத்துக்கு நகரத்து வியாபாரி ஒருவர் பத்திரத்தோடு வந்து, ஓடைக்கரையில் சட்டமே இருந்ததில்லை, லவுரி உரிமையில்லாமல் குடியேறியவர் என்று வழக்குப் போட்டிருப்பதால், லவுரி தரப்பில் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன்.

பதினோரு வருஷத்துக்கு முன் அது பூர்வகுடிகளின் நிலம்; அரசு அதை வாங்கியது போன வருஷம்தான். அங்கே குடியேறக் கூடாது என்பது கவர்னர் உத்தரவு. மீறித்தான் போனோம், அதை மறைக்கவில்லை. எந்த நீதிபதியும் எட்டிப் பார்க்க மாட்டார் என்பதால் நாங்களே வருஷத்துக்கு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டோம். அவர்கள் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து வழக்குத் தீர்ப்பார்கள். தீர்ப்பை மதிக்காதவரைப் படகில் ஏற்றி ஆற்றோடு தள்ளிவிடுவோம். ஆறு வாரம் ஆளில்லாமல் கிடக்கும் நிலத்தை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்பதும் எங்கள் விதி.

என் கணவர் இறந்த வசந்தத்தில், விதைச்சோளம் வாங்க ஆற்றின் கீழ்ப்போக்கில் உள்ள கோட்டைக்குப் போன நான் வெள்ளத்தில் மாட்டி எட்டு வாரம் அங்கேயே கிடந்தேன். அதன் பிறகு திரும்பி வந்தபோது என் வயலில் லவுரியின் ஏர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அந்த மூவரில் ஒருவர். அன்று மாலையே மற்ற இருவரிடமும் போய் முறையிட்டேன்.

மறுநாள் காலை ஊர் கூடியது. லவுரி வழக்கம்போல் கட்டையில் போய் உட்கார்ந்தார். மூவரில் மூத்தவரான ஆடம் ஸ்ப்ரோட், "எறங்குய்யா கீழ. ஒன் வழக்குக்கு நீயே தீர்ப்பு சொல்லுவியா? போய் அந்தம்மா பக்கத்துல நில்லு" என்றார். லவுரி முகம் சிவக்க இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். அதன் பிறகு அவர் இடத்துக்கு வேறொருவரைக் கைதூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். பெண்கள் கை தூக்க முடியாது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு, அந்த எட்டு வாரமும் என் வீட்டில் ஆள் இருந்ததுண்டா என்று கேட்டார்கள். புருஷனுக்கு எதிராக ஒருத்தியைச் சாட்சிக்கு இழுக்க எனக்கு மனம் வரவில்லை. நான் கூப்பிடாமலே லவுரியின் மனைவி இசபெல் முன்னே வந்தாள்.

"நான்தான் இருந்தேன். 'வீட்டப் பாத்துக்கோடி'ன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனா. தெனம் அங்கதான் அடுப்பு மூட்டி ரொட்டி சுட்டேன். அவ மாட்டையும் கறந்தேன்."

"ஏன், நம்ம வீட்ல அடுப்பு இல்லயா?" என்று லவுரி சீறினார்.

"நீ பொகபோக்கியக் கட்டி முடிச்சாத்தானே! ரெண்டு வருஷமா நாளைக்கி நாளைக்கிங்கற. எட்டு வாரமா நீ தின்ன ரொட்டி பூரா அவ அடுப்புல வெந்ததுதான்."

ஊரே சிரித்தது. நான் அழுதுவிட்டேன்.

அடுப்பு அணையாத வீடு ஆளில்லாத வீடு ஆகாது என்று மூவரும் தீர்ப்புச் சொன்னார்கள். படகு கரையில் கட்டியிருந்தது; அதற்கு வேலை வரவில்லை. லவுரி நேராக வயலுக்குப் போய் ஏரைக் கழற்றினார். உழுததை உழுதபடியே எனக்கு விட்டார். அந்த வாரமே புகைபோக்கியும் முடிந்தது.

ஓடைக்கரையில் சட்டம் இருந்ததா என்று கேட்கிறார்கள். இருந்தது. அது லவுரியைக் கட்டையிலிருந்து இறக்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதற்கு முந்தின வருஷத்து மூவர்தான் அவர் நிலத்துக்கும் எல்லை குறித்தார்கள். என் எல்லை செல்லும் என்றால் அவருடையதும் செல்ல வேண்டும்.

எழுதியதை எழுத்தர் படித்துக் காட்டினார். நான் சொன்னதுதான், கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. வெளியே இசபெல் ரொட்டியோடு காத்திருக்கிறாள், அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுதத் தெரியாததால் கீழே என் குறியைப் போட்டிருக்கிறேன்.

(குறி) எல்ஸ்பெத் கில்ரி