பத்தாவது ஆள்

— சும்மா சொல்லக்கூடாதுய்யா... இன்னா நடிப்பு! மெய்யாலுமே எயுதப் படிக்கத் தெரியாதவன்கூட அப்டி முழிக்க மாட்டான்.

— மெதுவாப் பேசு பூவு. கிளாஸ் வாசல்லயே நின்னுகினு... டீச்சர் காதுல உயுந்தா?

— செங்கொடி டீச்சர் வண்டிய எட்த்துகினு எப்பவோ போயாச்சு. வா, பேசிகினே வூட்டுக்கு நடப்போம். ஆமா, 'ஊ'னா போடச் சொன்னாங்களே... சிலேட்டு பூரா நண்டு ஓடுனா மாதிரி கீது. எப்டிய்யா வந்துச்சு அது?

— அதெல்லாம் தானா வரணும்மே. தெரிஞ்ச எயுத்தத் தெரியாத மாதிரி எயுதறது லேசுப்பட்ட வேலையா?

— கை நடுங்குச்சே?

— நடுங்க உட்டேன். நடிக்கிறதுன்னு எறங்கிட்டா அரகொறையா நடிக்கக் கூடாது.

— மூஞ்சிலாம் வேர்த்துச்சே?

— ஃபேன் ஓடல, வேர்த்துச்சு. உடேன்மே.

— உட்டேன், உட்டேன். பாவம், எனக்கோசரம்தான இவ்ளோ பாடு. நான் போன வருசம் இதே முதியோர் கல்வி கிளாஸ்ல பாஸ் பண்ணி, டீச்சர் என்னை ஒத்தாசைக்கு வெச்சிகினு... இந்த வருசம் பாத்தா ஆளே சேரல. ஒம்போது பேரு.

— ஒம்போது பேருக்கு கவர்மென்ட் துட்டு குடுக்காது. பத்து இருந்தாத்தான் புக்கு, சிலேட்டு, கரண்டு பில்லு அல்லாம். நீதான ரூலு சொன்ன?

— நான்தான் சொன்னேன்.

— அதான் நான் ஒரு மாசமா வந்து குந்தறேன். இல்லன்னா நாள் பூரா ஹார்பர்ல கன்டெய்னர் கட்டிட்டு வர்ற ஆளு, அந்தப் புள்ளைங்க பெஞ்சில கால மடக்கிகினு குந்தறதுக்கு எனக்கு இன்னா தலவிதியா?

— நீ பெரிய மனசுக்காரன்யா.

— ஆனா ஒன்னுமே. இந்த கவர்மென்ட்ட நெனச்சா மலைப்பா கீது. எங்கயோ டெல்லில ஏ.சி. ரூம்ல குந்திகினு ஒருத்தன், "வியாசர்பாடில ஒம்போது பேரு பத்தாது, பத்தாவதா ஒருத்தன் வந்தே தீரணும்"னு யோசிச்சுகீறான் பாரேன். அவனுக்கும் எனக்கும் இன்னா சம்பந்தம்? ஆனா அவன் போட்ட ரூலு, தேடிகினு நம்ம வூடு வரிக்கும் வந்துச்சு!

— ஆமாய்யா. பெரிய மூளை.

— சொம்மா சொல்லல. அப்டி ஒரு ரூலு போட்டவன் கால்ல உயலாம்.

— உயலாம், உயலாம்... சரி, ஒரு சேதி. இன்னிக்கு புதுசா வந்தாங்களே ரசூல் பீவி, பிரியாணிக் கடை அம்மா... அவங்கள சேத்தா பதினொன்னு ஆயிடுச்சு.

— ம்.

— இனிமே நீ வரத் தேவையில்லய்யா. தப்பிச்ச. நாளைலேர்ந்து கேரம் கிளப்புக்குப் போ.

— இரு பூவு.

— இன்னாய்யா, நின்னுட்ட?

— செருப்புல கல்லு.

— சந்தோசமா கீதா?

— அதுக்கின்னா... கீது. இல்ல பூவு, அந்த பீவிம்மா நெலச்சு வருவாங்களா? மூட்டு வலின்னாங்களே.

— வலிச்சாலும் வருவேன்னுதான் சொன்னாங்க.

— கடைல கூட்டம் வந்துட்டா?

— மருமவ பாத்துக்குவாளாம்.

— அது செரி. ஆனா பேரு குடுத்த ஆளு நடுவுல நின்னுட்டா... அதுக்கு ரூல்ல இன்னா போட்டுகீது?

— எந்த ஆளு? பீவிம்மாவா?

— யாரோ ஒரு ஆளு. பேச்சுக்கு நான்னே வெச்சிக்கோயேன். பேரு குடுத்துட்டு நின்னுட்டா, கவர்மென்ட்டு சும்மா உட்டுடுமா?

— இரு... யோசிக்கிறேன்.

— யோசிக்கிறியா?

— ஞாபகப்படுத்திக்கிறேன்யா. ஆங், கீது. பேரு குடுத்தவன் பரீட்சை எயுதாம நின்னா மொத்த சென்டருக்கும் துட்ட நிறுத்திடுவாங்க.

— பாத்தியா! எனக்கு மனசுல அப்பவே பட்டுது. நானு ஜாலியா கேரம் ஆடப் போவேன், இங்க பத்து பேரு பொயப்பு நாறும்.

— அப்போ பரீட்சை வரிக்கும் உனக்கு இந்தப் பேஜாரு கீதுய்யா.

— இன்னா பண்றது, ரூலாச்சே. மீற முடியுமா?

— பரீட்சைல பாஸாவணும், அதுவும் ரூலு.

— அதுவுமா! அப்டின்னா இத்தினி நாளா தெரியாத மாதிரி நடிச்சவன், போவப் போவக் கத்துக்கற மாதிரியும் நடிக்கணும். கஷ்டம்தான். போற வழில கொஞ்சம் பிராக்டிஸு பண்ணிக்கட்டா?

— பண்ணிக்கோ. யாரும் பாக்கல.

— அதோ, லைட்டு போட்டுகீதே... கா... ர்... கு... ழ... லி. கார்குழலி. மா... வு. மில். தோடா! அந்த மில்லுக்கு பேரு கீதா?

— எல்லா மில்லுக்கும் பேரு கீதுய்யா.

— நான் பச்சக்கதவு மில்லுன்னுதான்... அதாவது, அல்லாரும் அப்டித்தான சொல்வாங்க?

— ஆமா ஆமா. அல்லாரும் அப்டித்தான். மேல படி.

— கார்குழலி... யாரு பெத்த பொண்ணோ. இத்தினி வருசமா நம்ம தலைக்கு மேல நின்னுகினு இருந்துகீது. சரி, அந்தாண்ட செவுரு. இ... ங்... கு. இங்கு. சி... று... நீ... ர்...

— ம், சொல்லு. இன்னாய்யா நிறுத்திட்ட?

— ஒன்னும் இல்ல.

— அது தெனமும் டியூட்டிக்குப் போறப்ப நீ ஒதுங்கற செவுரு தான?

— சொம்மா இருமே.

— "கழிக்காதீர்"னு பெருசா போட்டுகீதேய்யா!

— நான் இன்னாத்த கண்டேன்... அதாவது, இருட்டுல எவன் பாத்தான்? சிரிக்காத. ரோட்ல போறவன் பாக்கறான்.

— சிரிக்கலய்யா. இருமல்.

— பூவு.

— ம்?

— கண்ணு நிக்க மாட்டுது. பாக்க வோணாம்னு நெனச்சாலும், எயுத்தப் பாத்தா படிச்சிடுது. அந்த ஆட்டோ முதுகு, மாடியாண்ட பேனரு, கரண்டு கம்பம்... இத்தினி நாளு வாய மூடிகினு இருந்ததெல்லாம் ஒரே நேரத்துல கத்துது. தெருவே பேசுதுமே. இதுக்கு நடுவுல ஜனங்க எப்டி அதும் பாட்டுக்கு நடந்து போவுது? யாருக்கும் தல சுத்தலியா? அதாவது, புதுசா கத்துக்கறவனுக்கு அப்டி இருக்கும்னு சொல்றேன். நடிக்கறதுக்கு யோசிச்சு வெச்சேன்.

— சரியா யோசிச்சுகீற. எனக்கும் போன வருசம் அப்டித்தான் இருந்துச்சு. கண்ண மூடிகினாதான் நிம்மதி. மூடுனா, தொறக்கணும் போல இருக்கும்.

— அதேதான்மே! அதே... ஏ, இது இன்னா, நம்ம தெரு மொனைல நீல போர்டு? அம்... பே... த்... கர். அம்பேத்கர் தெரு. நம்ம தெரு பேர எயுதி வெச்சுகீறாங்க பாரு! எப்போ வெச்சாங்க?

— நான் கல்யாணம் ஆயி இந்தத் தெருவுக்கு வந்தப்பவே இருந்துச்சு.

— ...பெய்ண்டு புதுசா கீது. அதான் கேட்டேன்.

— பெய்ண்டு புதுசுதான்யா.

— மேல ஒரு பூ வரஞ்சா இன்னும் சோக்கா இருக்கும். இரு, அதுக்குப் பக்கத்துல இன்னாவோ போஸ்டரு. மூக்குத்தி போட்ட அம்மா... சிரிக்குது. க... ண்... ணீ... ர்...

— அத உடு. வூடு வந்துடுச்சு.

— அ... ஞ்... ச...

— உடுய்யான்றேன்ல. வா, போலாம்.

— இந்த ரெண்டு வார்த்தய நான் பாத்துகீறேன் பூவு. இதே எயுத்து, இதே மாதிரி வளைஞ்சு. நம்ம தோஸ்து டில்லிபாபு படத்துக்கு மேல.

— ஆமாய்யா. அதுக்கு அதான் போடுவாங்க.

— அன்னிக்கு நீ பக்கத்துல நின்ன. "இன்னாய்யா போட்டுகீது"ன்னு கேட்ட. உனக்கு அப்போ எயுத்து தெரியாது. நான் படிச்சேன்...

— "பொறந்தநாள் வாய்த்து"ன்னு படிச்ச. மாலை வாங்கிகினு தனியாப் போன. பொயுது சாஞ்சு வந்து, டில்லி செத்துட்டான், உன் மனசு தாங்காதுன்னுதான் காலைல மறைச்சேன்னு சொன்ன.

— மாலை மட்டும் இல்லமே. கேக்கு.

— கேக்கா?

— அரைக் கிலோ. சிவப்பு ரோசாலாம் வெச்சு. அவனும் நானும் ஒரே டீம்ல ஃபுட்பால் ஆடுனவங்க. போஸ்டரு ஒட்ற அளவுக்குப் பெரிய ஆளாயிட்டான் பாருன்னு எனக்கு பெருமை புடிபடல. பந்தல் தெரியுது. பொறந்தநாளுக்கு பந்தலா, கலக்குறான்டான்னு சிரிச்சிகினே போறேன்.

— ஐயோ... யோவ்...

— மாலை சரியாப் போச்சு. வாங்கி அவன்மேல போட்டாங்க. கேக்குதான்... அவன் பொண்டாட்டி அயுதுகினே, "கைல இன்னாண்ணா பொட்டி"ன்னா. ஹார்பர் சாமான்மான்னேன். அவனை எடுக்கற வரிக்கும் மடில வெச்சிகினு குந்திகினு இருந்தேன். வெயில்ல உருகி அட்டைலாம் நனைஞ்சு, லுங்கி பூரா க்ரீமு. தோஸ்து செத்துக் கெடக்கறான், எனக்கு பொட்டி தொறந்துக்கப் போவுதேன்னு பயம். ஒயுங்கா அயக்கூட முடியலமே அவனுக்கு.

— இத்த ஏன்யா என்கிட்ட சொல்லல?

— இன்னான்னு சொல்றது? எனக்குப் படிக்கத் தெரியாதுமே. கிளாஸ்ல நடிப்பு இல்ல. ஒரு எயுத்துகூட நான் நடிக்கல.

— தெரியும்யா.

— இன்னாது?

— தெரியும்.

— எப்போலேர்ந்து?

— போன வருசம், நான் பாஸ் பண்ண பொறவு. ட்ரங்குப் பொட்டிய காலி பண்ணப்ப அடில விரிச்சிருந்த பழைய பேப்பரு கெடச்சுது. யானை படம் போட்டது. ஞாபகம் கீதா?

— யானையா...

— தெனமும் காலைல பேப்பர் படிச்சு சொல்லுவியேய்யா. நான் கிளாஸ்ல சேந்தப்பறம்தான், வெலை ஏறிடுச்சுன்னு நிறுத்துன. அதுல ஒரு நாளு அந்த யானை. பாகன் செத்தப்பறமும் தெனமும் அவன் வூட்டு வாசல்ல வந்து நிக்குது, அவன் பொண்ணு கல்யாணத்துக்கு காட்லேர்ந்து ஒரு வாயமரத்தத் தூக்கியாந்து பந்தக்கால்ல சாச்சுட்டுப் போவுதுன்னு படிச்ச. அன்னிக்கி நான் ஒலைய மறந்துட்டு அயுதேன். நீயும் அயுத. அந்தப் படத்துக்குக் கீய இன்னா போட்டுகீதுன்னு குந்தி எயுத்துக் கூட்டிப் பாத்தேன். "யானை முட்டினாலும் அசையாத சுவர்." சிமெண்டு விளம்பரம்யா அது!

— எம்மே... கோவம் வந்துச்சா?

— கோவமா? மெர்சலாயிட்டேன்யா! சிமெண்டு விளம்பரத்துலேர்ந்து ஒரு மனுசன் அந்த யானைய எப்டி இட்டாந்தான், அந்த வாயமரத்த எங்கேர்ந்து புடிச்சான்னு ரெண்டு நாளு எனக்கு வேலையே ஓடல. அப்பால கடைல பேப்பர் வாங்கி நானே படிச்சுப் பாத்தேன். நீ படிச்சா மாதிரி ஒரு சேதிகூட அதுல இல்லய்யா. சப்புனு கீது.

— நெஜமாவா சொல்ற?

— சத்தியமா. இத்தினி வருசம் எனக்குன்னு தனியா ஒரு பேப்பர் போட்டுகீற நீ. எந்தப் பொம்பளைக்குக் கெடைக்கும்?

— அப்போ தெரிஞ்சுகினே ஏன் என்னை ஒன்னும் கேக்கல?

— கேட்டிருந்தா கிளாஸுக்கு வந்திருப்பியா?

— செத்தாலும் வந்திருக்க மாட்டேன்.

— அதான்.

— இரு... இருமே. அப்போ டெல்லிலேர்ந்து வந்த அந்த ரூலு? பத்து பேரு வோணும்னது? நடுவுல நிக்கக் கூடாதுன்னது?

— நீ எனக்கு பேப்பர் படிச்சா மாதிரிதான்யா... நான் உனக்கு ரூல் படிச்சேன்.