மத்தியானத் தாகம்

ஆசியா பீவி: எதுக்கு ஸார் எங் கிளாஸ் பானையப் போட்டு ஒடச்சீக?

அழகுசுந்தரம்: ஊர்க்காரவுக வந்து கேட்டாக டீச்சர். ஹெட்மாஸ்டர்னு நான் ஒருத்தன் இருக்கேன்ல... விடுங்க. நாளான்னைக்குப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு. நன்கொடை குடுக்க வர்ற ஊர்ப் பெரியவுககிட்ட என்னென்ன கேக்கலாம்னு பேசத்தான் கூப்பிட்டேன். பெஞ்சு, கடிகாரம், ஒரு பீரோ...

ஆசியா பீவி: பெஞ்சுல யாரை உக்கார வைக்கப் போறீக? மத்தியானத்துக்கு மேல பாதிப் பள்ளிக்கூடம் காலி.

அழகுசுந்தரம்: காலனிப் புள்ளைகதான? சோறு தின்னதும் ஓடிருதுக. படிப்புல நாட்டம் இல்ல.

ஆசியா பீவி: எங் கிளாஸ்ல ஓடலையே.

அழகுசுந்தரம்: அது உங்க கைராசி.

ஆசியா பீவி: ராசியாவது! சமையக்கார மீனம்மா மோந்து ஊத்துனாத்தான் அந்தப் புள்ளைகளுக்குத் தண்ணி. கையேந்திக் குடிக்கணும், பானையத் தொடக் கூடாது. சோறு முடிஞ்சதும் மீனம்மா வீட்டுக்குப் போயிர்றா. அப்பறம் தாகம் எடுத்தா? கம்மாக்கரையத் தாண்டி வீட்டுக்குத்தான் ஓடணும். பங்குனி வெயில்ல ஓடுன புள்ள திரும்பி வருமா?

அழகுசுந்தரம்: இது நீங்களா நெனைச்சுக்கிறது.

ஆசியா பீவி: பாத்துட்டுத்தான் சொல்றேன். பொங்கல் கழிச்சு எங் கிளாஸ்ல பானை வச்சேன். யாரும் மோந்து குடிக்கலாம்னேன். அப்பறம் ஒரு புள்ள வீட்டுக்கு ஓடலை. பக்கத்துக் கிளாஸ்ல போறது நிக்கலை. இருந்தாலும் சந்தேகம்... ஒரு வாரம் பானைய எடுத்துப் பாத்தேன்.

அழகுசுந்தரம்: எடுத்தீகளா?

ஆசியா பீவி: பாவந்தான். எங் கிளாஸும் காலியாயிருச்சு. திரும்ப வச்சேன், திரும்ப உக்காந்துருச்சுக. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்? பெஞ்சு வேணாம் ஸார். கிளாசுக்கு ஒரு பானை, எல்லாரும் மோந்து குடிக்கலாம்... இத மாநாட்டுல சொல்லுங்க.

அழகுசுந்தரம்: அந்தப் பெரியவுக முன்னாடியா? நடக்குற கதையப் பேசுங்க.

ஆசியா பீவி: தீண்டாமை குத்தம்னு சட்டம் வந்து ஏழெட்டு வருசமாச்சு.

அழகுசுந்தரம்: காரைக்குடி வரைக்கும் வந்துருக்கும். இங்குட்டு வரலை. நீங்க சாயபு வீட்டுப் பொண்ணு. எதுனாச்சும் செஞ்சா, ‘அவுக வழக்கம் அப்படி’ன்னு விட்டுருவாக. நான் சொன்னா, இவனுக்கு எதுக்கு இம்புட்டு அக்கறைம்பாக.

ஆசியா பீவி: சொல்லிட்டுப் போகட்டுமே.

அழகுசுந்தரம்: அதோட விட மாட்டாக. தோண்டுவாக.

ஆசியா பீவி: என்னத்த?

அழகுசுந்தரம்: ஒண்ணுமில்ல... பெஞ்சு, கடிகாரம், பீரோ. எழுதிக்கங்க.

ஆசியா பீவி: எங் கிளாஸ் நாகவல்லி இன்னைக்கு வரலை. கவனிச்சீகளா?

அழகுசுந்தரம்: ஏன்?

ஆசியா பீவி: பானை இல்லைன்னதும் நேத்து சமையக்கட்டுக்குப் பின்னாடி தேங்கிக் கெடந்ததக் குடிச்சிருக்கா. பாத்திரம் கழுவுன தண்ணி ஸார். ராத்திரியெல்லாம் வயித்தால போயி, துணி மாதிரிக் கெடக்கா.

அழகுசுந்தரம்: அய்யோ... பொழச்சுக்கிருவாளா?

ஆசியா பீவி: தெரியலை. காலையில போயிப் பாத்தேன்.

அழகுசுந்தரம்: காலனிக்கா போனீக? நீங்க எதுக்கு அங்குட்டெல்லாம்... வேற யாரப் பாத்தீக?

ஆசியா பீவி: ஏன் இப்படிப் பதறுறீக?

அழகுசுந்தரம்: பதறலை. கேட்டேன்.

ஆசியா பீவி: நாகவல்லி தலைமாட்டுல ஒரு அம்மா விசிறிக்கிட்டு இருந்துச்சு. சோணையம்மாளாம். காளையார்கோவில் பக்கம். இங்க ஒறமொற வீட்டுக்கு வந்துருக்காம்.

அழகுசுந்தரம்: ... கதவச் சாத்துங்க டீச்சர்.

ஆசியா பீவி: யாருமில்ல ஸார்.

அழகுசுந்தரம்: சாத்துங்க. என்ன சொல்லுச்சு?

ஆசியா பீவி: ‘எம் மகனும் வாத்தியாருதான். ஊருக்குள்ள வீடு பிடிச்சு இருக்கான். நான் போயி வாசல்ல நின்னா வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாக. தூரத்துல நின்னு ஒருவாட்டி பாத்துட்டுப் போகணும்’னுச்சு. பேரு சொல்லலை. நானும் கேக்கலை. மாநாட்டுல ஒங்க வாயால ஒரு வார்த்தை ஸார். எத்தன புள்ளைக தப்பிக்கும்!

அழகுசுந்தரம்: சாயங்காலம் நாகவல்லியப் பாக்கப் போவீகளா?

ஆசியா பீவி: போவேன்.

அழகுசுந்தரம்: எங்க ஆத்தாவ அடுத்த பஸ்ஸுக்கே கெளம்பச் சொல்லுங்க டீச்சர். பள்ளிக்கூடத்துப் பக்கம் மட்டும் வந்துற வேணாம்.