கரகரப்பைப் பழுது பார்த்தவன் பேசுகிறேன்

அவையோரே, முதலில் மன்னிப்பு. என் முதல் வணக்கத்தை மைக்கில் சொல்லாமல் டெஸ்டரில் சொல்லிவிட்டேன். ஒரு கையில் மைக், மறு கையில் டெஸ்டர். வாயருகே கொண்டுபோனது டெஸ்டரை. முன்வரிசை சிரித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஆகவே மறுபடியும் தொடங்குகிறேன். இம்முறை மைக்கில்.

நம் குடியிருப்போர் சங்கத்தின் தலைமை நாற்காலியை அலங்கரித்து, கைக்கடிகாரத்தை மட்டும் கனிவோடு பார்த்துக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே! மாடிதோறும் வாழும் மதிப்புக்குரிய பெரியோர்களே! லிஃப்ட் நின்றாலும் நெஞ்சம் நிற்காமல் படியேறும் தாய்மார்களே! வானொலியையும் வசவையும் ஒரே பையில் போட்டு என் கடைக்குக் கொண்டுவரும் வாடிக்கையாளர்களே! கதவோரம் நின்று, 'பாட்டு எப்போ?' என்று கண்ணாலேயே கேட்கும் இளைஞர் பட்டாளமே! புதுச் சட்டையும் நேற்றைய கால்சட்டையும் அணிந்து நிற்கும் இந்த ரேடியோ மெக்கானிக்கின் பணிவான வணக்கம்.

நான் பேச்சாளன் அல்லன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து விடுதலை பெற்றது. பிறகு எதற்கு இந்த மேடை? சொல்கிறேன். திரைக்குப் பின்னால் என் மகளின் ராக் இசைக்குழு காத்திருக்கிறது. கிட்டாருக்கு என் மகள், டிரம்முக்கு ஒரு பெண், பாட ஒரு பெண். அவர்களுக்கு இது முதல் மேடை. ஆனால் கிட்டார் கெட்டுக் கிடக்கிறது. கெடுத்தவன் அடியேன். தலைவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "உங்க பேச்சு முடியறப்போ அவங்க ரெடியா இருந்தா பாடட்டும். இல்லைன்னா நேரா பரிசளிப்புதான்." ஆகவே, என் பேச்சு நீண்டால் பாட்டு உண்டு. சுருங்கினால் இல்லை.

யாரது, "அப்ப சுருக்கமாப் பேசுய்யா"ன்னு குரல் கொடுத்தது? நாலாவது மாடி தையல்காரர் அண்ணனா? உங்க டேப் ரெக்கார்டர் இன்னும் என் கடையிலதான் இருக்கு அண்ணே, ஞாபகம் இருக்கட்டும்.

நடந்ததைக் கேளுங்கள். மேலைநாட்டு ராக் குழுக்களின் படங்களை என் மகள் சுவர் முழுக்க ஒட்டியிருக்கிறாள். பெயர்களுக்கு அர்த்தம் கேட்டேன். பீட்டில்ஸ் என்றால் வண்டுகள் என்றாள். ரோலிங் ஸ்டோன்ஸ் உருளும் கற்களாம். ஈகிள்ஸ் கழுகுகளாம். ஸ்கார்ப்பியன்ஸ் தேள்களாம். வண்டு, கல், கழுகு, தேள்! "ஏம்மா, இது பாட்டுக் கோஷ்டியா, காட்டுப் பாதையா?" என்றேன். லெட் செப்பலின் என்ற பெயரில் மட்டும் ஈயம் இருக்கிறது, ஈயத்தில் செய்த ஆகாயக் கப்பல் மாதிரி என்றாள். ஈயம் என்றதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. வாழ்நாளெல்லாம் ஈயத்தை உருக்கியே சோறு தின்றவன் அல்லவா? 'அட, நம்ம ஆளுங்க!' என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அவர்கள் பாட்டைப் போட்டுக் காட்டினாள். அணைத்த கையை எடுத்துக்கொண்டேன்.

இந்தக் குழுக்களின் புகழ்பெற்ற பாடல்கள் எப்படித் தெரியுமா? தாலாட்டாகத் தொடங்கும். கண் சொக்கும். கை தலையணையைத் தேடும். அந்த நேரம் பார்த்து, பாத்திரக் கடைக்குள் லாரி புகுந்ததுபோல் ஒரு முழக்கம்! இன்றைக்குக்கூட என் மனைவி காதுக்குப் பஞ்சு கொடுத்துத்தான் அழைத்துவந்தாள். கால்சட்டைப் பையில் பத்திரமாக இருக்கிறது. முழக்கத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். அதில் ஒரு கரகரப்பு இருந்ததே, அதை என் தொழில் பொறுக்கவில்லை.

"ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கும்மா."

"இல்லப்பா. கிட்டாரே அப்படித்தான்."

"பதிவு பண்ணவன் கவனிக்கலையா?"

"உலகமே இதைத்தான்ப்பா ரசிச்சுக் கேக்குது."

"அப்ப உலகத்துல ஒரு மெக்கானிக் கூடவா இல்ல?"

என் மகளிடமும் காலால் மிதிக்கும் சின்னப் பெட்டி ஒன்று உண்டு. மிதித்தால் கிட்டார் கரகரக்கும். நேற்று மாலை அவள் வெளியே போயிருந்தபோது, இன்ப அதிர்ச்சி கொடுக்க எண்ணித் திறந்தேன். உள்ளே அரிசி அளவில், இருபுறமும் கம்பி நீட்டிய இரண்டு டயோடுகள். கிட்டாரின் ஒலி தலைநிமிரும்போதெல்லாம் அதைச் சீவிவிட்டுக்கொண்டிருந்தன. எந்த அரைகுறை வேலைக்காரன் வைத்தானோ என்று திட்டிக்கொண்டே இரண்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். கிட்டாரை மீட்டினேன். இலையில் பனித்துளி உருண்டதுபோல் ஒரு நாதம்! எனக்குக் கண் கலங்கியது. என் திறமையை எண்ணித்தான்!

சற்று முன்பு திரைக்குப் பின்னால் என் மகள் அந்தப் பெட்டியை மிதித்தாள். உறும வேண்டிய கிட்டார் கொஞ்சியது. டிரம் பெண் குச்சியைக் கீழே போட்டாள்.

"அப்பா... பெட்டியைத் தொறந்தீங்களா?"

"சரி பண்ணிட்டேம்மா!"

"அந்த ரெண்டு டயோடு எங்க?"

"நேத்துப் போட்ட சட்டைப் பையில."

"சட்டை எங்க?"

"ஊறவச்சிருக்கேன்டி," என்றாள் என் மனைவி.

"வேற டயோடு போட்டுத் தர்றேனே..." என்று டெஸ்டரை எடுத்தேன்.

"வேறது போட்டா அந்தக் குரல் வராது. நீங்க கையே வைக்காதீங்கப்பா. போய்ப் பேசுங்க. இன்னிக்கு நீங்க பண்ண வேண்டிய ரிப்பேர் அது ஒன்னுதான்."

அந்தச் சட்டையைத் தேடி மைத்துனர் வீட்டுக்கு ஸ்கூட்டரில் பறந்திருக்கிறார். நான் இங்கே பறந்துகொண்டிருக்கிறேன்.

அதோ! வந்துவிட்டார்! தாய்மார்களே, வழிவிடுங்கள், சட்டை சொட்டுகிறது, தரை வழுக்கும். என்ன மாப்ளே, கிடைச்சுதா?

"மாமா, ஒன்னுதான் கிடைச்சுது! பக்கெட்டைக் கவிழ்த்தே பார்த்துட்டேன்!"

ஒன்றுதானா? சரி, கொண்டுபோய்க் கொடு. தலைவர் எழுந்திருக்கிறார். ஐயா, அமருங்கள், இப்போதுதான் பேச்சின் முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். அது என்ன கட்டம் என்று எனக்கே இன்னும் தெரியாது.

என் மகள் மெல்லப் பேசுபவள். கடையில் பென்சில் கேட்டால் கடைக்காரர், "என்னம்மா? என்னம்மா?" என்று காதை நீட்டுவார். "உங்க பொண்ணு பதில் சொல்றா சார், எனக்குத்தான் எட்டல," என்பார் பள்ளி ஆசிரியை. அப்படிப்பட்ட பெண் ஒரு பெட்டியை மிதித்தால் ஏழு மாடிக்கும் எட்டுகிறது! அவள் தேடிக் கண்டுபிடித்த அந்தக் குரலைத்தான், அவையோரே, நான் பழுது என்று கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன்!

கேட்கிறேன்! இடி கரகரக்கவில்லையா? கடல் கரகரக்கவில்லையா? விடிந்தும் எழாத நம்மை எழுப்பும் இல்லத்தரசிகளின் குரல் கரகரக்கவில்லையா? கைதட்டாதீர்கள் ஐயா, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்! எவனாவது அங்கெல்லாம் போய் டயோடு கழற்றினானா? வழவழவென்று இருந்தால்தான் பாட்டா? வாய்மூடி இருந்தால்தான் பிள்ளையா? எட்டாத குரல் எட்டட்டும்! ஏழு மாடியும் கேட்கட்டும்! என் வீட்டுப் பெண் உறுமட்டும்! என் கடையின் கண்ணாடி அதிரட்டும்! அதிர்ந்து உடைந்தால்...

கேட்டீர்களா? திரைக்குப் பின்னால் உறுமியதே, கேட்டீர்களா? மகள் தலையை நீட்டுகிறாள். என்னம்மா? சத்தமா சொல்லு!

"ஒன்னே போதும்ப்பா! முன்னைவிட நல்லா உறுமுது! முடிச்சுக்கங்க!"

முடித்துக்கொள்கிறேன். கடிகாரத்தைப் பார்த்தும் மணி அடிக்காத தலைவருக்கும், ஈரச் சட்டையோடு வந்த மைத்துனருக்கும், காதைக் கடன் கொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி. அந்தக் காதுகளுக்கு இனி நான் பொறுப்பல்ல. வணக்கம்!

*

இறங்கிவந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரை விலகியது. மகள் பெட்டியை மிதித்தாள். நாற்காலியின் இரும்புக் கால் என் காலோடு சேர்ந்து அதிர்ந்தது. முந்தைய கரகரப்பில் இல்லாத ஓர் அடித்தொண்டை முரட்டுத்தனம் இதில் இருந்தது. மகளின் தலை தாளத்துக்கு ஆடியது, கண் மூடியிருந்தது.

"பஞ்சு வச்சுக்கலையா?" மனைவி காதருகே வந்து கத்தினாள்.

கால்சட்டைப் பைக்குள் கைவிட்டேன். பஞ்சுக்குள்ளிருந்து ஏதோ விரலில் குத்தியது. தடவிப் பார்த்தேன். அரிசி அளவு உடம்பு, இருபுறமும் மெல்லிய கம்பி.

"என்னங்க?"

"ஒன்னுமில்ல," என்றேன்.

அதையும் பஞ்சையும் பைக்குள்ளேயே விட்டுவிட்டு, வெறுங்கையை எடுத்துத் தொடையில் தாளம் போட்டேன்.