ஆகஸ்டில் தெற்கு முகம்

சென்ற ஆகஸ்டில் நம் மலையின் நெலியான் உச்சிக்குத் தெற்குப் பாறை முகத்தின் வழியே ஏறச் சொன்னது நான்; வழிகாட்டி கிதாய்கா அல்ல. அவன் வேண்டாம் என்றான். நான் அனுப்பினேன். அவனுடைய மூன்று விரல்கள் போயின.

இதைச் சொன்ன பிறகுதான் வணக்கம் சொல்ல எனக்கு வாய் உண்டு. சுமை தூக்கிய தோளோடு தலைமை நாற்காலியில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் வங்கேச்சி அம்மா அவர்களே, கயிற்றிலே காலத்தையும் கல்லிலே கைரேகையையும் கரைத்த மூத்த வழிகாட்டிகளே, பிள்ளை மலையேறிய நாளெல்லாம் மேகத்தையே பார்த்து நிற்கும் தாய்மார்களே, சமையல்காரர்களே, சுமைக்காரர்களே, நரோ மோரு சந்தையின் வணிக நண்பர்களே, கடைசி வரிசையில் மனைவி கதோனியோடு அமர்ந்திருக்கும் கிதாய்காவே, உங்கள் அனைவருக்கும் இந்த முரேய்தியின் தலை தாழ்ந்த வணக்கம்.

பழைய காலணி வாங்கி, தைத்து, விற்றுத் தலையெடுத்தவன் நான். இன்று கயிறும் கொக்கியும் வாடகைக்கு விடுகிறேன். ஏறுவோருக்குத் திட்டமும் போட்டுத் தருகிறேன். அப்படித்தான் போலந்திலிருந்து இரு நண்பர்கள் எழுதினார்கள்: “ஆகஸ்டில் வருகிறோம். வடக்கு முகமா, தெற்கு முகமா?”

பூமத்திய ரேகை ஓடும் நம் ஊரில் ஆடு மேய்க்கும் பிள்ளையும் இதற்கு விடை சொல்லும். ஜனவரியில் சூரியன் தெற்கே நின்று தெற்குப் பாறையைக் காயவைக்கிறது. ஆகஸ்டில் வடக்கே போய்விடுகிறது. தெற்கு முகம் நிழலில் கிடந்து உறைகிறது. எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துமா தெற்கு என்று எழுதினேன்? தெரிந்தேதான் எழுதினேன். தெற்கு வழி என் வழி. என் சுமைக்காரர்கள், என் சமையல்காரன், மலைக் குடிலில் நான் முன்கூட்டியே ஏற்றி வைத்த மாவும் எரிவாயுவும் அங்கே. வடக்கு என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கம் ஏறும் சிரிமோன் வாசலில் இருக்கும் போட்டிக்காரருக்குக் காசில் பாதி போயிருக்கும். சூரியன் எந்தப் பக்கம் என்று நான் பார்க்கவில்லை. வரும்படி எந்தப் பக்கம் என்று பார்த்தேன்.

கிதாய்கா கடைக்கு வந்தான். சர்க்கரை டப்பாவை மேசை நடுவில் வைத்தான், மலையாக. விளக்கை வடக்கே நகர்த்தினான்.

“பாருங்க முதலாளி, இந்தப் பக்கம் இருட்டு. வெடிப்பெல்லாம் ஐஸ் அடைச்சிருக்கும். கை வைக்க இடம் இருக்காது.”

“டப்பாவை எடுத்த இடத்துல வை. எறும்பு வரும்.”

“வடக்கே கூட்டிட்டுப் போறேன். அதே உச்சி, அதே போட்டோ. அவங்களுக்கு என்ன குறைச்சல்?”

“எனக்குக் குறைச்சல். உனக்கு வயசாயிடுச்சுன்னா சொல்லு. போன வருஷம் வழிகாட்டி அட்டை வாங்குன பையனை அனுப்பறேன்.”

அவன் டப்பாவை எடுத்த இடத்தில் வைத்தான். “அவன் போனா திரும்ப மாட்டான். நானே போறேன்” என்றான்.

பின்வரிசை அண்ணன் ஒருவர் “கேக்கல, சத்தமா” என்கிறார். இந்த இடத்தை மெல்லிய குரலில் கடந்துவிடலாம் என்று பார்த்தேன் அண்ணே. பிடித்துவிட்டீர்கள். சத்தமாகவே சொல்கிறேன்: வயதாகிவிட்டதா என்று கேட்டு அவனை ஏற்றினேன்.

ஒன்பதாவது கயிறு நீளம் ஏறும்போது பாறை வெடிப்புகள் கண்ணாடியாகக் கிடந்தன. மேலே போக வழியில்லை, இறங்கப் பொழுதில்லை. ஒரு விளிம்பில் மூவரும் விடியும்வரை தொங்கினார்கள். ஒருவருடைய கையுறை கீழே விழ, கிதாய்கா தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தான். அந்த இருவரும் பத்து விரல்களோடு வீடு போனார்கள். நம்மவன் ஏழோடு வந்தான்.

பிறகு என்ன நடந்தது? இதே மண்டபத்தில் விசாரணை நடந்தது. பாதையைத் தேர்ந்தது யார் என்று தலைவர் அம்மா கேட்டார். “நான்தாம்மா” என்றான் கிதாய்கா. என் கடை மூடினால் நாற்பது சுமைக்காரர் வீட்டில் அடுப்பு எரியாது என்று அவன் நினைத்தான். நான் என்ன செய்தேன்? இரண்டாம் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். அவனுடைய வழிகாட்டி அட்டையை வாங்கி இழுப்பறையில் போட்டார்கள். நான் தேநீர் குடித்தேன். நல்ல தேநீர் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னதும் நினைவிருக்கிறது.

மூன்று மாதம் கழித்து அவன் கடைக்கு வந்தான்.

“முதலாளி, சுமைக்காரன் வேலை இருந்தா குடுங்க. இருபது கிலோ தூக்க விரல் எதுக்கு? முதுகு போதும்.”

இந்த மலையின் வெடிப்பெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தவர் என்னிடம் மூட்டை கேட்கிறார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நாளுக்கு ஆயிரத்து…” என்று என் வாய் கூலியைச் சொல்லத் தொடங்கிவிட்டது. முப்பது வருடப் பழக்கம். பாதியில் என் குரல் என் காதிலேயே விழுந்தது. அப்போதுதான் எனக்கு நான் யார் என்று தெரிந்தது.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். கதோனி உட்காரச் சொல்லவில்லை. “நல்லவரு மாதிரி மூஞ்சிய வெச்சுட்டு வராதீங்கண்ணே. வியாபாரிதானே? பேரம் பேசுவோம்” என்றார். பேசினோம். நான் குறைக்கக் கேட்கவில்லை.

பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கும், எழுந்து போகாத தாய்மார்களுக்கும், பேச இடம் தந்த தலைவர் அம்மாவுக்கும் நன்றி. ஒப்புக்கொண்டதைச் சொல்லி அமர்கிறேன்.

கிதாய்காவின் அட்டை இன்று இந்த மேடையிலேயே அவர் கைக்குத் திரும்பும். தலைவர் அம்மா இசைந்துவிட்டார். எந்த மாதம், எந்த முகம் என்று இனி அவர் மட்டுமே எழுதுவார்; அந்தத் தாளில் எனக்குக் கையெழுத்து இல்லை. கடை வருமானத்தில் பாதி அவருக்கு. போலந்து நண்பர்களுக்கு நடந்ததை நான் என் கையால் எழுத வேண்டும். கடைசி நிபந்தனை கதோனியுடையது: இதையெல்லாம் நான் மேடையில் சொல்ல வேண்டும், சொல்லும்போது அழக்கூடாது, அழுதால் ஜனங்கள் எனக்குத்தான் இரங்குவார்கள்.