பாலத்துக் காவல்காரன்

காரைக்காலிலிருந்து திருநள்ளாறு போகும் காலைப் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள்.

“சாம்பல் புதன்லேருந்து நான் ஒருத்தரையும் கொல்லலக்கா,” என்றாள் இளையவள்.

நான் கைபேசியைப் பையில் போட்டேன்.

“என்னடி சொல்ற?”

“கேம்லக்கா. அதுல நான் கொள்ளைக்காரி. தவக்காலத்துக்குக் கறியோட கொலையையும் விட்டுட்டேன்.”

“அப்ப ஆட்டம் எப்படி நகரும்?”

“நகரல. பாலத்தத் தாண்டணும்னா காவக்காரனக் கொல்லணும். தெனம் அவன் முன்னாடி போய் நின்னுட்டுத் திரும்பிடுறேன்.”

“ஈஸ்டர் வந்ததும் போட்டுட்டுப் போயிடு.”

“மாட்டேன். இத்தன நாள் மூஞ்சியப் பாத்தாச்சு. ஆத்துல எறங்கி நீந்திப் பாக்கப் போறேன்.”

“முழுகிச் செத்தின்னா?”

“நான் செத்தா திரும்ப எழுந்து வந்துடுவேங்க்கா. அவன் வர மாட்டான்.”